திருமணத்திற்குப் பிறகு சரோஜா தேவியைக் காதலியாகப் பார்க்க ரசிகர்கள் மறுத்தார்களா?

ஸ்ரீராமபுரத்துப் பேத்தி எழுதியது:

எங்களுடையது பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பம். என் பாட்டிக்கு 78 வயதாகிறது. சரோஜா தேவி என்றால் அவருக்கு உயிர். நம் ஊரில் பிறந்து தமிழ்நாட்டையே மயக்கிய பெண் என்று, சொந்த நாத்தனாரைப் பற்றிப் பெருமை பேசுவது போலப் பேசுவார். 2025 ஜூலை 14 ஆம் நாள் மல்லேஸ்வரம் இல்லத்தில் அவர் காலமான செய்தி தொலைக்காட்சியில் ஓடியபோது, தட்டில் வைத்த இட்லியைத் தொடாமலேயே உட்கார்ந்திருந்தார். சன்னபட்டணத்தை அடுத்த தசவாரா கிராமத்தில் அரசு மரியாதையுடன் நடந்த இறுதிச் சடங்கையும் பார்த்து முடித்த பிறகுதான், எங்கள் வீட்டில் இன்று வரை தீராத இந்த வழக்கு தொடங்கியது.

பாட்டி சொல்வது இதுதான். 1967 மார்ச் 1 ஆம் நாள் சரோஜா தேவி பொறியாளர் ஸ்ரீஹர்ஷாவை மணந்தார். அதே ஆண்டில் வெளிவந்த அரச கட்டளைக்குப் பிறகு எம்.ஜி.ஆருடன் அவர் ஒரு படத்தில்கூட நடிக்கவில்லை. ஆகவே தாலி ஏறியதும் காதலி வேடம் பறிபோயிற்று. கழுத்தில் தாலியோடு இருப்பவள் இன்னொருவர் தோளில் சாய்ந்து பாடுவதை அந்தக் காலத்து ஜனங்கள் பார்க்கமாட்டார்கள் என்றும், 1967க்குப் பிறகு அவருடைய காதல் படம் எதையும் யாரும் சீந்தவில்லை என்றும் அடித்துச் சொல்கிறார்.

இதை நான் வெறும் சினிமாப் பேச்சாக விட்டுவிட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை நடத்தும் சிறிய தமிழ் நாடகக் குழு ஒன்றில் நான் நடித்து வருகிறேன். வரும் தை மாதம் எனக்குத் திருமணம். மாசியில் மேடையேறவிருக்கும் நாடகத்தில் எனக்குக் காதலி வேடம். மாப்பிள்ளை வீட்டார் இது பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மாமியாராக வரவிருக்கும் அத்தை, நாடகத்திற்கு எத்தனை நுழைவுச்சீட்டு கிடைக்கும் என்றுதான் கேட்டார். தடை சொல்வது என் பாட்டி மட்டுமே, அதற்கு அவர் காட்டும் சான்று சரோஜா தேவி மட்டுமே. ஆகவே விவரம் அறிந்தவர்களைக் கேட்கிறேன்: அவருடைய திருமணம்தான் அவருடைய திரைக்காதலை முடித்து வைத்ததா? திரையில் அத்தனை பேரைக் காதலித்துவிட்டு வீட்டில் அவர் எப்படி வாழ்ந்தார் என்பது பற்றி நம்பத்தக்க செய்தி ஏதேனும் உண்டா?


பாட்டுப்புத்தகக்காரர் எழுதியது:

உங்கள் பாட்டியாருக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களைப் பள்ளிப் பருவத்திலிருந்து சேர்த்து வருபவன் நான். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவற்றை ஆண்டு வாரியாக அடுக்கி வைத்திருப்பதால், இந்த வழக்கில் சாட்சி சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

பாட்டியார் சொல்லும் ஆண்டுகள் சரிதான், ஆனால் அவற்றிலிருந்து அவர் கண்ட முடிவு காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. எம்.ஜி.ஆரும் சரோஜா தேவியும் 1958 இல் நாடோடி மன்னனில் தொடங்கி 26 படங்களில் சேர்ந்து நடித்தார்கள், அரச கட்டளையே கடைசி. ஆனால் அந்த ஜோடியின் இடத்தில் இன்னொருவர் வந்து நிற்கத் தொடங்கியது திருமணத்திற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே. 1965 இல் ஆயிரத்தில் ஒருவன், கன்னித்தாய் ஆகிய இரண்டிலும் எம்.ஜி.ஆருக்கு ஜோடி ஜெயலலிதா. அதே ஆண்டில் எங்க வீட்டுப் பிள்ளை, கலங்கரை விளக்கம், ஆசை முகம் ஆகிய மூன்றில் சரோஜா தேவி. 1966 இல் எம்.ஜி.ஆருக்கு வெளியான படங்கள் 9. அன்பே வா, நான் ஆணையிட்டால், நாடோடி, தாலி பாக்கியம், பறக்கும் பாவை, பெற்றால்தான் பிள்ளையா ஆகிய 6 படங்களில் சரோஜா தேவி. முகராசி, சந்திரோதயம், தனிப்பிறவி ஆகிய 3 படங்களில் ஜெயலலிதா. அரச கட்டளையிலோ இருவருமே இருக்கிறார்கள். புதியவர் ஒருவர் படிப்படியாக உள்ளே வருவதும், பழையவர் மெல்ல நகர்வதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

1967 ஆம் ஆண்டே எம்.ஜி.ஆருக்கு ஒரு திருப்பம் என்பதையும் மறக்கக் கூடாது. ஜனவரி 12 இல் அவர் சுடப்பட்டார். மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். உடல் தேறித் திரும்பியபோது அவருடைய குரலும் மாறியிருந்தது, படங்களும் மாறின. அந்த மாற்றத்தின் நடுவில் மார்ச் மாதம் நடந்த ஒரு திருமணத்தை எடுத்து, எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று சொல்வது எளிது.

இன்னொன்று. திருமணமான நடிகையை எம்.ஜி.ஆருக்கு ஜோடியாக மக்கள் ஏற்கவில்லை என்றால் பானுமதியை என்ன செய்வது? அவருக்கு 1943 லேயே திருமணம் ஆகிவிட்டது. மலைக்கள்ளன், மதுரை வீரன், அலிபாபாவும் 40 திருடர்களும் ஆகிய மூன்றும் அதன் பிறகு வந்தவை. நாடோடி மன்னனின் முற்பகுதியில் நாயகி, மணமான பானுமதி. வண்ணத்தில் எடுத்த பிற்பகுதியில்தான் மணமாகாத சரோஜா தேவி வருகிறார். ஒரே படத்தில் இருவரையும் பார்த்துக் கைதட்டிய ஜனங்களைத்தான் உங்கள் பாட்டியார் பழைமைவாதிகள் என்கிறார்! கே.ஆர். விஜயாவுக்கு 1966 இல் திருமணம். 1967 இல் விவசாயியில் எம்.ஜி.ஆருக்கு ஜோடி அவரே.

1967க்குப் பிறகு யாரும் சீந்தவில்லை என்பது அறவே பிழை. 1968 இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் பணமா பாசமா வந்தது. பணக்காரத் தாயை எதிர்த்துக் காதலனைக் கைப்பிடிக்கும் பெண்ணாகச் சரோஜா தேவி, காதலனாக ஜெமினி கணேசன், தாயாக எஸ். வரலட்சுமி. படம் பெரும் வெற்றி பெற்றது. அதே ஆண்டில் கே. பாலசந்தரின் தாமரை நெஞ்சத்தில் எழுத்தாளராக வந்தார். சிவாஜியுடன் என் தம்பி, அஞ்சல் பெட்டி 520, அருணோதயம், தேனும் பாலும் என்று 1971 வரை வரிசையாக நடித்தார். கன்னடத்திலோ 1977 இல் கூட ராஜ்குமாருக்கு ஜோடியாகப் பாக்யவந்தருவில் நடித்திருக்கிறார். மல்லேஸ்வரத்திலும் ராஜாஜிநகரிலும் அக்கம்பக்கத்துக் கன்னடக் குடும்பங்களை விசாரித்துப் பாருங்கள், முழுக் கதையும் சொல்வார்கள். அப்போது அவருக்கு வயது 39.


அல்சூர் ரசிகன் எழுதியது:

பெரியவரின் கணக்கில் குறை காண எனக்கு ஆற்றல் இல்லை. ஆனால் பாட்டியை அவ்வளவு சுலபமாகத் தோற்கடிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

என் தந்தையார் எம்.ஜி.ஆர். பக்தர். படம் வெளியாகும் நாளில் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, அல்சூர் நண்பர்கள் பத்துப் பேருடன் முதல் காட்சிக்குப் போய் நிற்பார். சரோஜா தேவி திருமணம் செய்துகொண்ட செய்தி வந்த வாரத்தில் அவரும் நண்பர்களும் டீக்கடையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை எங்கள் அத்தை இன்றும் கேலி செய்வார். எங்கள் தந்தையாருக்கு அப்போது திருமணமாகி ஒரு குழந்தையும் இருந்தது என்பது வேறு விஷயம். ரசிகன் மனத்தில் நிகழும் இத்தகைய மாற்றம் பாட்டுப் புத்தகத்தில் அச்சாகாது.

நீங்கள் எடுத்துக்காட்டிய படங்களையே மறுபடி பாருங்கள், ஐயா. 1966 இல் அன்பே வாவில் சிம்லா மலைச்சரிவில் துள்ளிக் குதித்துச் சண்டை போட்டுக் காதலித்தவர், 1968க்குப் பிறகு பெரும்பாலும் இல்லறத்துச் சிக்கலைச் சுமப்பவராகவும் தோழிக்காகத் தன் காதலைத் துறப்பவராகவுமே வருகிறார். பானுமதி தம் பெயராலேயே படத்தை ஓட்டிக் காட்டியவர், படம் தயாரித்தவர், இயக்கியவர். அவரை எல்லோருக்கும் அளவுகோலாக வைக்க முடியாது. 1972 இல் நான் ஏன் பிறந்தேனில் எம்.ஜி.ஆருடன் கே.ஆர். விஜயா நடித்தது மனைவி வேடம். ஆக, வாய்ப்பு நிற்கவில்லை, வேடத்தின் சாயல் மாறியது. பாட்டி அதைத்தான் தம் பாணியில் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?


அபிநயம் கற்பிப்பவள் எழுதியது:

ஜயநகரில் முப்பது ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்பித்து வருகிறேன். அல்சூர் நண்பர் சொல்லும் சாயல் மாற்றத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். அதைத் திருமணத்தின் கணக்கில் எழுதுவதை ஒப்பமாட்டேன். 1968 இல் அவருக்கு வயது 30. அந்தக் காலத்துத் தமிழ்ப்படத்தில் முப்பது வயது நாயகிக்கு, அவர் மணமாகாதவராக இருந்தாலும், மலைச்சரிவில் துள்ளும் வேடம் அரிதாகத்தான் கிடைத்தது. நாயகர் மட்டும் ஐம்பதிலும் துள்ளினார்.

மேலும், துறவும் இல்லறச் சிக்கலும் தாலிக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை அல்ல. அவரைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்ததே 1959 இல் ஸ்ரீதர் இயக்கிய கல்யாணப் பரிசு. அதில் அக்காளும் தன் காதலனையே விரும்புகிறாள் என்று அறிந்து, காதலனை அக்காளுக்கு விட்டுக்கொடுக்கும் தங்கை அவர். 21 வயது. 1961 இல் பீம்சிங் இயக்கிய பாலும் பழமும் படத்தில் மருத்துவரின் மனைவி. நோயாளியாகி வீட்டை விட்டு நீங்குகிறாள், இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறாள், கணவன் மறுமணம் செய்துகொண்டு பார்வையையும் இழந்த பிறகு, வேறு பெயரில் அவனுக்கே செவிலியாகத் திரும்பி வருகிறாள். தன் கணவனின் வீட்டில் அன்னியளைப் போல நடமாடும் அந்தப் பெண்ணின் முகத்தில் அவர் காட்டிய நுட்பத்தை என் மாணவிகளுக்கு இன்றும் பாடமாகப் போட்டுக் காட்டுகிறேன். நடித்தபோது அவருக்குத் திருமணமே ஆகவில்லை. கன்னிப்பெண் மனைவியாக நடித்தபோது, இல்லறம் அறியாதவளுக்கு இது எப்படிக் கைவந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மணமான பிறகு காதலியாக நடித்தால் மட்டும் கேள்வி எழுகிறது. இந்த ஒருபக்கத் தராசு எனக்கு விளங்கவே இல்லை.

திரைக்காதல் என்பது யாருடைய சொத்து என்று கொஞ்சம் யோசியுங்கள். ஒரு காதல் பாட்டில் சொல் கவிஞருடையது, மெட்டு இசையமைப்பாளருடையது, பெண்குரல் பெரும்பாலும் பி. சுசீலாவுடையது, கால் எங்கே வைக்க வேண்டும் என்பது நடன ஆசிரியருடையது, எப்போது முகத்தருகே வர வேண்டும் என்பது ஒளிப்பதிவாளருடையது. இத்தனை பேர் சேர்ந்து கட்டிய பந்தலின் கீழ் நடிகை கொடுப்பது கண்ணும் கழுத்தும் விரல் நுனியும். சரோஜா தேவி இந்த மூன்றிலும் வல்லவர். அபிநய சரஸ்வதி என்ற பட்டம் சும்மா கிடைக்கவில்லை. கன்னடம் கலந்த கொஞ்சு தமிழில் சொல்லின் கடைசி எழுத்தைச் சற்று இழுத்து, அதற்குள் கண்ணைத் தாழ்த்தி விடுவார். எதிரில் நிற்பவர் தொடாமலேயே தொட்டது போலாகிவிடும். கையில்லாத ரவிக்கையும் நீச்சலுடையும் கூடாது என்று அவருடைய தாயார் ருத்ரம்மா விதித்த கட்டுப்பாடு பலரும் அறிந்தது. அந்த வரம்புக்குள் நின்றே அவர் அந்தத் தலைமுறையின் கனவுக்கன்னி ஆனார். மணத்திற்கு முன்பே இவ்வளவு விலகி நின்று காதலை நடித்துக் காட்டியவருக்கு, மணத்திற்குப் பிறகு மாற்றிக்கொள்ள என்ன இருந்தது?

புதிய பறவையை அவசியம் பாருங்கள், பேத்தியே. 1964 இல் வந்த படம். முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்க மாட்டீர்கள். சிவாஜியை மனமுருகக் காதலிக்கும் லதா, கடைசியில் உண்மையை வரவழைக்கக் காதலியாக நடித்த காவல்துறைப் பெண் என்று தெரியவருகிறது. நடித்து நடித்தே அவரை உண்மையில் நேசிக்கத் தொடங்கிவிட்டதாகவும் அவள் சொல்கிறாள். காதலிப்பதாக நடிக்கும் பெண்ணாக நடிப்பது! இரண்டாம் முறை பார்க்கும்போது ஒவ்வொரு பார்வையிலும் காதலும் கண்காணிப்பும் சேர்ந்தே தெரியும். இந்த வித்தையைச் செய்யத் தெரிந்தவரிடம் போய், திரையில் கொஞ்சியவர் வீட்டில் எப்படி இருந்தார் என்று கேட்பது, கடலை வறுப்பவர் வீட்டில் மண்ணையா தின்கிறார் என்று கேட்பது போல.

எங்கள் துறையில் பதம் ஆடும் வழக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். தலைவனுக்காகக் காத்திருந்து ஏங்கும் நாயகியை, பேரன் பேத்தி எடுத்தவர்கள் ஒரு நாற்காலியில் அமர்ந்தபடி அபிநயம் பிடிப்பார்கள். பாலசரஸ்வதி அம்மையாரின் பதங்களைப் பிற்காலத்தில் பார்த்தவர்கள் அவர் வயதையா எண்ணினார்கள்? சபையில் அமர்ந்திருந்தவர்களுக்கு அங்கே தெரிந்தது நாயகி மட்டுமே.


ராஜாஜிநகர்ச் சாமானியன் எழுதியது:

எல்லோரும் நாயகியின் தாலியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எதிரில் நின்றவர்களின் திருமணத் தேதியையும் கொஞ்சம் பார்ப்போம். சிவாஜி கணேசனுக்கும் கமலா அம்மையாருக்கும் 1952 மே 1 ஆம் நாள் திருமணம். பராசக்தி வெளியானது அதே ஆண்டு அக்டோபரில். அதாவது, கதாநாயகனாக அவர் திரையில் தோன்றிய முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மணமானவராகவே எல்லோரையும் காதலித்தார். ஜெமினி கணேசனோ படத்துறைக்கு வருவதற்கு முன்பே மணமானவர். அவருக்குத்தான் காதல் மன்னன் என்று பட்டம் கொடுத்தோம். உங்கள் பாட்டி இவர்களில் யாரைப் பற்றியாவது, தாலி கட்டியவர் இன்னொருத்தி தோளைத் தொடலாமா என்று கேட்டிருக்கிறாரா? நான் குறை சொல்லவில்லை. என் தாயாரும் கேட்டதில்லை.

அடுத்து, உங்கள் இரண்டாம் கேள்வி. சரோஜா தேவியின் இல்வாழ்வைப் பற்றி வெளியே தெரிந்தது நாலு வரியில் அடங்கும். பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம். கணவர் திரைத்துறைக்கு வெளியே இருந்தவர். தொடர்ந்து நடிக்கும்படி அவர் ஊக்கம் கொடுத்தார் என்று சரோஜா தேவியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1986 இல் கணவர் மறைந்தார், அதன் பிறகு சில காலம் படப்பிடிப்பிலிருந்து விலகியிருந்து மீண்டும் வந்தார். சென்னையில் புகழின் உச்சியைத் தொட்டவர், வாழ்ந்ததும் மறைந்ததும் நம் பெங்களூரில். இவ்வளவுதான். மிச்சமெல்லாம் வார இதழ்கள் ஊதிப் பெருக்கியது. சிலர் இதை எழுதும்போது, கணவர் நடிக்க அனுமதித்தார் என்று எழுதுகிறார்கள். அந்த அனுமதி என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. மணம் புரியும்போது அவர் பத்தாண்டுக்கு மேல் பல மொழிகளில் உழைத்த, திலீப் குமாருடன் 1959 லேயே பைகாம் என்ற இந்திப் படத்தில் நடித்துவிட்ட கலைஞர். பொறியாளர் திருமணத்திற்குப் பிறகும் அலுவலகம் போனதை யாரும் அனுமதி என்று எழுதவில்லை.

திரையில் தெரியும் காதலை வைத்து வீட்டை அளக்க முடியாது என்பதற்குச் சாவித்திரியை விடவும் பெரிய சான்று வேண்டுமா? அவரும் ஜெமினி கணேசனும் உண்மையிலேயே மணந்தவர்கள், திரையிலும் ஜோடி. மிஸ்ஸியம்மாவிலும் பாசமலரிலும் அவர்களைச் சேர்த்துப் பார்த்தால், இதைவிடப் பொருத்தம் உலகில் உண்டா என்று தோன்றும். அந்த இல்லறம் எப்படி முறிந்தது, 1981 இல் அவர் எந்த நிலையில் மறைந்தார் என்பதெல்லாம் நாடறிந்த சோகம். இதற்கு நேர்மாறாக, பத்மினி 1961 இல் ஒரு மருத்துவரை மணந்து, தாயாகி, அதன் பிறகு 1968 இல் தில்லானா மோகனாம்பாளில் நாதசுர வித்துவானைக் காதலிக்கும் மோகனாவாக வந்தார். அந்தக் காதலைக் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்த அதே ஜனங்கள்தான் நாம்.

ஒன்ஸ் மோரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று வியப்பாக இருக்கிறது. 1997 இல் வந்த அந்தப் படத்தில் வயதான சிவாஜியும் வயதான சரோஜா தேவியும் பிரிந்து வாழ்ந்த இணையாக வருகிறார்கள்; அவர்களுடைய இளமை நினைவாக 1963 இல் வந்த இருவர் உள்ளம் படத்தின் காட்சிகளையே எடுத்து வைத்திருந்தார்கள். 34 ஆண்டு இடைவெளி ஒரு வெட்டில் கடந்து போகிறது. கணவரை இழந்து பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்த அந்த அம்மையார், திரையில் தம் பழைய நாயகனை ஏறிட்டுப் பார்க்கும் பார்வையில் ஒரு நாணம் இருந்தது. நாங்கள் சேஷாத்ரிபுரத்துத் தியேட்டரில் பார்த்தபோது, விஜய்க்காக வந்திருந்த பையன்கள்கூட அந்த இடத்தில் சீட்டியடிக்கவில்லை.


பாட்டுப்புத்தகக்காரர் எழுதியது:

அல்சூர் நண்பர் சொன்னதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். வேடத்தின் சாயல் மாறியது உண்மை; என் அடுக்கில் 1968 க்குப் பிந்தைய பாட்டுப் புத்தகங்களில் அவருக்கான டூயட்டுகள் குறைவாகவே இருக்கின்றன. நடன ஆசிரியை சொன்ன வயதுக் கணக்கும், ஜெயலலிதா, வாணிஸ்ரீ முதலிய புதியவர்களின் வரவும் அதற்குப் போதிய காரணம் என்பது என் எண்ணம். 1967 க்குப் பிறகும் படமே இல்லாமல் போயிருந்தால் பாட்டியாரின் வாதத்தை ஏற்றிருப்பேன். அப்படி ஆகவில்லையே.

பேத்திக்கு ஒரு வார்த்தை: வழக்கைப் பாட்டியாரிடம் திரும்ப எடுத்துச் செல்லும்போது புள்ளிவிவரத்தை முதலில் நீட்டாதீர்கள். பணமா பாசமாவை அவர் பார்த்தாரா என்று மட்டும் கேளுங்கள்.


ஸ்ரீராமபுரத்துப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் சொன்னபடியே செய்தேன். நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த பாட்டியிடம், பணமா பாசமா பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்காமல் என்ன, எலந்தப்பழம் பாட்டு வந்த படம்தானே என்றார். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டதும் மடித்த வெற்றிலை கையிலேயே நின்றது.

1968 வைகாசியில் பாட்டிக்குத் திருமணம். மறுவீடு முடிந்து ஸ்ரீராமபுரத்துக்கு வந்து சேர்ந்த வாரத்தில், தாத்தா முதன்முதலாக அவரை வெளியே அழைத்துப் போனது அந்தப் படத்திற்குத்தானாம். கூட்டத்தில் பெண்கள் பக்கம் டிக்கெட் கிடைக்காமல் இருவரும் சேர்ந்து உட்கார நேர்ந்ததையும், சரோஜா தேவி தாயை எதிர்த்து வீட்டை விட்டு வெளியேறும் இடத்தில் தாம் அழுததையும், தாத்தா தம் கைக்குட்டையை நீட்டியதையும், அது துவைக்காத கைக்குட்டை என்பதையும் வரிசையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல, அது எந்த ஆண்டு என்று அவருக்கே உறைத்துவிட்டது.

அப்படியென்றால் அப்போது அவருக்குத் திருமணமாகி ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறதே பாட்டி, உங்களுக்கு அது தெரியாதா என்று கேட்டேன். தெரியும், நன்றாகத் தெரியும், எனக்கும்தான் அப்போது புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது என்று சொல்லி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் வழக்கைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. விளக்கை அணைக்கப் போனபோது மட்டும் கூப்பிட்டு, நாடகத்தன்று முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல், பின்னால் உட்கார்ந்தால் எனக்குக் காது கேட்காது என்றார்.